பழைய டெஸ்க்டாப்பில் 4 ஜிபி ரேம். கூட்டினால் கேம் திக்காமல் ஓடுமா?

ரேம்தான் தடை என்றால் ஓடும். கேம் ஓடும்போதே, மெமரியும் டிஸ்க்கும் எவ்வளவு செலவாகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100-இல் நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதி காலியாகக் கிடந்தால் ரேம் வாங்குவது வீண்செலவு. கிராபிக்ஸ் கார்டைக் கவனியுங்கள்.

வாங்குமுன் ரேமின் வகையைப் பாருங்கள். டிடிஆர்3 வகை மதர்போர்டில் டிடிஆர்4 ரேம் உட்காராது, அடியில் வெட்டு இருக்கும் இடமே வேறு. 8 ஜிபி ஒன்றைவிட 4 ஜிபி இரண்டு மேல். டூயல் சேனலில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் தரவை அனுப்பும் முறையில் ஓடும். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, 64 பிட்டுக்கு மாறாமல் பயனில்லை.

பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, ரேமை அதன் இடத்தில் வைத்து, ஓரத்துக் கொக்கி 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்துங்கள். நினைப்பதைவிடக் கொஞ்சம் பலம் வேண்டும். திரை வராமல் பீப் மட்டும் கேட்டால் பெரும்பாலும் சரியாக உட்காரவில்லை. கழற்றி, தங்கநிறப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மறுபடி போடுங்கள். அப்போதும் வராவிட்டால் ரேம்களை ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பாருங்கள்.