வீட்டுக்கு வரும் ஆஸ்துமா பணியாளர் என்ன பார்ப்பார்? அதை நாமே பார்க்க முடியுமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் மகளுக்கு 7 வயது. இரண்டு வருடமாக வீசிங். டாக்டர் சொன்ன இன்ஹேலரைத் தவறாமல் தருகிறோம், ஆனாலும் மாதத்தில் நாலைந்து ராத்திரி இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். பாஸ்டனில் என் தங்கை மகனுக்கும் இதே தொந்தரவு. அங்கே மருத்துவமனையிலிருந்தே ஒருவர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறாராம். இங்கே அப்படி யாராவது வருவார்களா? இல்லையென்றால் நாங்கள் என்ன செய்வது?"

தங்கை சொன்னது உண்மைதான். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை 2005லிருந்தே இதைச் செய்கிறது. ஆஸ்துமாவுக்காக அவசரப் பிரிவுக்கு வந்த அல்லது அட்மிட் ஆன குழந்தைகளின் வீட்டுக்கு நர்ஸோ சுகாதாரப் பணியாளரோ போவார்கள். 2012ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், ஒரு வருடத்தில் அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகள் 68 சதவீதமும், அட்மிட் ஆனவர்கள் 85 சதவீதமும் குறைந்திருந்தார்கள். ரொம்ப மோசமான நேரத்தில் சேர்ந்த குழந்தைகள் என்பதால் கொஞ்சம் பேருக்குத் தானாகவே தேவலையாகியிருக்கும், மொத்தப் பெருமையையும் வீட்டு வருகைக்கே கொடுக்க முடியாது. ஆனால் 2004ல் அமெரிக்காவின் 7 நகரங்களில் 937 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்த ஆய்விலும், வீடு தேடிப் போய் உதவிய பிரிவில் தொந்தரவு இருந்த நாட்கள் இரண்டு வாரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் குறைவு. வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள், 20 நாளுக்கு மேல் வரும். அத்தனை ராத்திரி குழந்தையும் தூங்கும், நீங்களும் தூங்குவீர்கள்.

இங்கே குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கென்றே வீடு தேடி வரும் ஏற்பாட்டை எதிர்பார்க்க முடியாது. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் முக்கியமாக பிபி, சுகர்காரர்களுக்கானது. அரசுப் பள்ளி, அங்கன்வாடிக் குழந்தைகளைப் பார்க்க வரும் மருத்துவக் குழுவின் பட்டியலில் வீசிங்கும் உண்டு, ஆனால் அவர்கள் பள்ளிக்கு வருவார்கள், வீட்டுக்கு அல்ல. அதனால் அந்தப் பணியாளர் பார்ப்பதை நீங்களே பார்க்க வேண்டியதுதான். அதில் பெரும்பகுதியை உங்களால் செய்ய முடியும்.

வீட்டுக்கு வருபவர் முதலில் தூசியைத் தேட மாட்டார். "மருந்தை எப்படித் தருகிறீர்கள், ஒரு தடவை செய்து காட்டுங்கள்" என்றுதான் கேட்பார். நான் ஒரு குழந்தையின் வீட்டுக்குப் போயிருந்தபோது இதையேதான் கேட்டேன். அந்த அம்மா பீரோ மேலிருந்து ஸ்பேசரை (இன்ஹேலரைச் செருகி மருந்தை இழுக்க உதவும் பிளாஸ்டிக் குழாய்) எடுத்தார், உள்ளே தூசி படிந்திருந்தது. இன்ஹேலரைக் குலுக்காமலே செருகி, டக் டக்கென்று இரண்டு பஃப் ஒன்றாக அடித்தார். பையன் ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டு விளையாட ஓடிவிட்டான். மருந்துச் சீட்டில் எல்லாம் சரியாக இருந்தது, எட்டு மாதமாகத் தவறாமல் கொடுத்தும் வந்திருக்கிறார், பாவம். நுரையீரலுக்குப் போக வேண்டிய மருந்தில் பாதிகூடப் போயிருக்காது.

சரியான முறை இதுதான். நன்றாகக் குலுக்குங்கள், ஒரே ஒரு பஃப் அடியுங்கள், குழந்தை ஸ்பேசரை வாயில் இறுக்கிப் பிடித்தபடி நிதானமாக ஐந்தாறு மூச்சு இழுத்து விடட்டும். அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்த பஃப். தினமும் தரும் தடுப்பு மருந்து ஸ்டீராய்டு என்பதால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காய விடுங்கள், துணியால் துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு கணக்கு. டப்பாவில் 200 பஃப், ஒரு நாளைக்கு 4 என்றால் 50 நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் அழுத்தினால் 'புஸ்' என்று வரும், ஆனால் அதில் மருந்து இருக்காது. தொடங்கிய தேதியையும் தீரும் தேதியையும் இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

திணறலை உடனே குறைக்கும் நீல நிற இன்ஹேலர் அவசரத்துக்கு மட்டும் என்பதையும், தடுப்பு மருந்தை நன்றாக இருக்கும் நாளிலும் நிறுத்தக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். "பழகிவிடும்", "பெண் பிள்ளை, வெளியே தெரிந்தால் என்ன ஆகும்" என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். இன்ஹேலர் பழகிப்போகும் மருந்து அல்ல. அந்தப் பயத்தால் மருந்து நின்றுபோன குழந்தைகளைத்தான் ராத்திரி ஒரு மணிக்கு மூச்சுத் திணறலோடு பார்க்கிறோம், அது மனதை ரொம்ப வலிக்க வைக்கிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் ராத்திரி இருமுகிறாள் என்றால், படுக்கும் இடத்துக்கு வாருங்கள். அவள் தலை வைக்கும் இடத்தில் நீங்கள் ஒரு பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் சுவர் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடித்திருக்கிறதா, இலவம்பஞ்சுத் தலையணை எத்தனை வருடம் பழசு, கட்டிலுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். விரிப்பையும் உறையையும் வாரம் ஒரு முறை கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் துவையுங்கள், ஜிப் வைத்த உறைக்குள் மெத்தையைப் போட்டுவிடுங்கள். அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு உறையை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு மாற்றம் தெரியவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. தனியாக ஒன்றைச் செய்தால் பெரிதாகப் பலன் இருக்காது, பாஸ்டனிலும் எல்லாவற்றையும் சேர்த்தேதான் செய்கிறார்கள்.

புகை விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். கொசுவத்திச் சுருள் ஒன்று எரிந்து முடிப்பதற்குள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று 2003ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. மூடிய அறையில் குழந்தையின் தலைமாட்டில் அது எரிகிறது! கொசுவலைக்கு மாறுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை மாமியாரிடம் நிறுத்தச் சொல்வது எளிதில்லை என்று தெரியும், "குழந்தைக்கு டாக்டர் சொன்னார்" என்று என் பேரிலேயே பழியைப் போடுங்கள், விளக்கு மட்டும் ஏற்றட்டும். மிளகாய் தாளிக்கும்போது அவள் சமையலறைப் பக்கம் வர வேண்டாம். அப்பா பால்கனியில் நின்று சிகரெட் பிடித்தாலும் அந்தப் புகை சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும், வீட்டில் யாராவது பிடிக்கிறார்களென்றால் விடச் சொல்லுங்கள். கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அதுவே வீசிங்கைக் கிளப்பும். ஜெல் வைத்து, சிங்க் அடியில் உள்ள ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்.

சளி பிடிக்கும் என்று பலர் நிறுத்திவிடும் வாழைப்பழமும் தயிரும் பாவம், அவற்றின் மேல் பழி போடாதீர்கள். சாப்பிட்டதும் தொந்தரவு வருவதை நீங்களே பார்த்திருந்தால் தவிர நிறுத்தத் தேவையில்லை.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புக்கு இடையே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நீல இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் எத்தனை பஃப், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்பதை உங்கள் டாக்டரிடம் இப்போதே தாளில் எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், ஒரு நகலைப் பள்ளியில் வகுப்பு டீச்சரிடம் கொடுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஃபைலோடு ஸ்பேசரையும் இன்ஹேலரையும் எடுத்துப் போங்கள். அறையின் மூலை, தலையணை, ஓதம் ஏறிய சுவர் எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக் காட்டுங்கள். மகள் அவர் எதிரிலேயே மருந்தை இழுத்துக் காட்டட்டும், அவர் கேட்காவிட்டாலும்.