பழைய கோல்ஃபும் வீட்டு வாசல் வேலையும்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கம் பழைய காரைச் சொந்தக் கையால் பார்த்துக்கொள்ளும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். அநேகமாக எல்லாமே ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் கார் பற்றியவை. யூட்டன்ஹேக் ஆலையில் 1984 முதல் 2009 வரை செய்த வண்டி அது. சாட்ஸ்வொர்த்தில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒன்றாவது கண்ணில் படும். நான் ஓட்டுவதும் அதுதான்.

பீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, என் 1998 மாடல் கார் என்2 நெடுஞ்சாலையில் வேகம் 100-ஐத் தாண்டினால் அலைகிறது. பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது. பானட்டுக்குள் இரண்டு ஷாக் (அதிர்வு தாங்கி) மேல்முனையையும் இணைக்கும் ஸ்ட்ரட் பிரேஸ் கம்பி போட்டால் சரியாகுமா?

ஆகாது தம்பி. அந்தக் காசை எடுத்து வையுங்கள், முதலில் ரப்பரைப் பார்ப்போம். இந்த வண்டி புதிதாக இருந்தபோது நேராகத்தான் ஓடியது. இத்தனை வருஷத்தில் இரும்பு அப்படியே இருக்கிறது, ரப்பர்தான் செத்துப்போகிறது.

முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு புஷ், அதாவது ஆர்மைப் பாடியோடு இணைக்கும் ரப்பர் உருளை, இருக்கும். பின் புஷ் போய்விட்டால் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி நகரும், கார் ஒரு பக்கம் திரும்பும். உங்கள் வண்டியில் நடப்பது அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஆர்முக்கும் பாடிக்கும் நடுவில் நீளமான டயர் லீவரை விட்டு நெம்பிப் பாருங்கள். நல்ல புஷ் கொஞ்சம் அசைந்து, விட்டதும் பழைய இடத்துக்கு வரும். செத்த புஷ் டக்கென்று தட்டும். டார்ச் அடித்தால் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்த கறுப்புக் கோடு தெரியும்.

அப்புறம் சக்கரத்தை இரண்டு கையாலும் இடம் வலமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) முனையில் தேய்மானம். மேல் கீழாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட் என்கிற உருண்டை மூட்டு அல்லது பேரிங். டை ராட் முனையைக் கழற்றுவதாக இருந்தால், எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். புதியதையும் அதே சுற்று ஏற்றினால் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடை வரைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரலாம். அலைன்மென்ட் கட்டாயம் செய்ய வேண்டும்.

புஷ் மாற்றும்போது பலர் தவறுவது ஒரே இடத்தில். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுவார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுகியபடியே கிடக்கும், சில மாதத்தில் கிழியும். நான் முதல் தடவை மாற்றிய புஷ் அப்படித்தான் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. போல்ட்டை லேசாக மாட்டி, காரைச் சக்கரத்தில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அழுத்திவிட்டு, பிறகு கடைசி முறுக்கு முறுக்குங்கள்.

ரப்பருக்குப் பதிலாக, அதைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முன் ஆர்மில் போடலாம், ஸ்டியரிங் கூர்மையாகும். கூட வரும் சிலிக்கான் கிரீஸைத் தடவாமல் மாட்டினால் கிறீச்சிடும். பின் ஆக்சிலைத் தாங்கும் பெரிய புஷ்ஷுக்கு ரப்பர்தான் நல்லது. அந்த இடம் பல திசையில் வளைந்து கொடுக்க வேண்டிய இடம்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: ஸ்பிரிங்கை வெட்டி 60 மில்லிமீட்டர் இறக்க நினைக்கிறேன். வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பார்க்க அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிடிமானம் குறையும். வெட்டாத காரில் கீழ் ஆர்ம் எப்படி நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். சக்கரப் பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும். அவ்வளவு இறக்கினால் சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது ரோல் சென்டர், அதாவது வளைவில் கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, கார் இறங்கிய அளவைவிட அதிகமாகக் கீழே போகும். அதனால் தாழ்ந்த கார் வளைவில் இன்னும் அதிகமாகச் சாயப் பார்க்கும். ஷாக்கும் மிச்ச நீளமில்லாமல் அடிமுட்டும். ஒவ்வொரு ஸ்பீட் ஹம்பிலும் அந்த அடி நேராகப் பாடிக்குப் போகும்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது. வெட்டிய ஸ்பிரிங் குட்டையாகிவிடுவதால், குழியில் சக்கரம் இறங்கும்போது இருப்பிடத்தை விட்டு விலகலாம். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களோடு அந்தக் காரில் வேறு ஆட்களும் உட்காருவார்கள். ஆசை விடவில்லை என்றால் 30, மிஞ்சினால் 40 மில்லிமீட்டர் இறங்கும் ஸ்பிரிங்கை, அதற்கென்றே செய்த ஷாக்கோடு சேர்த்து வாங்குங்கள். காசு சேரும்வரை பழைய உயரத்திலேயே ஓட்டுங்கள்.

டோங்காட்டிலிருந்து ஒரு அக்கா: நாலு ஷாக்கும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அக்கா, ஷாக் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். டயர் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றித் தடவுங்கள். மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் ஷாக் போயிருக்கலாம். முன் ஜோடி மட்டும் மோசமென்றால் அந்த ஜோடியை மாற்றினால் போதும். ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து: குட் ஃபிரைடே அன்று இசிபிங்கோ மாரியம்மன் கோவிலுக்குக் குடும்பத்தோடு இறங்கி வந்தோம். ஃபீல்ட்ஸ் ஹில் என்கிற செங்குத்தான இறக்கத்தின் அடிவாரத்தில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. அரை மணி நேரம் நிறுத்திய பிறகு சரியானது. இனி பயமில்லையா?

பயம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் சரிசெய்யாமல் அந்த இறக்கத்தில் மறுபடி இறங்காதீர்கள். 2013 செப்டம்பரில் அதே இறக்கத்தில் ஓடி வந்த லாரி மோதி 24 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

உங்கள் பிரேக் எண்ணெய் கொதித்திருக்கிறது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் கடலோரக் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டாட் 4 என்கிற தரத்து பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் ஏறிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், அதனால் பெடல் உள்ளே போகும். ஆறியதும் ஆவி அடங்கிப் பழையபடி ஆனதுபோல் தெரியும்.

எண்ணெயை முழுசாக மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் அழுத்தும் பிரேக் உருளை) தூரமான சக்கரத்தில் தொடங்கி, மேலே தொட்டி வற்றாமல் ஊற்றிக்கொண்டே, பழுப்பு நிறம் போய்த் தெளிவாக வரும்வரை வெளியேற்றுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, ஒருவர் சக்கரத்தில் எண்ணெய் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். என் வீட்டில் பெடல் மிதிப்பது என் மகள். டாட் 5 என்று எழுதியதை வாங்காதீர்கள், அது சிலிக்கான், இதோடு சேராது. பிரேக் பேட் தேய்மானத்தையும் பாருங்கள். இனி இறக்கத்தில் மூன்றாவது கியரில் வந்து எஞ்சினையும் பிடிக்க விடுங்கள்.

மெரேபேங்கிலிருந்து: மழை பெய்தால் டிரைவர் காலடியில் தண்ணீர் நிற்கிறது. சில நாள் விளக்குகள் தானாக எரிகின்றன.

முன் கண்ணாடியின் ரப்பரும், அதற்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளமும்தான் காரணமாக இருக்கும். பள்ளத்தில் இலையும் மண்ணும் அடைத்து, அடியில் துருப் பிடித்து, தண்ணீர் ஃபியூஸ் பெட்டிமேல் சொட்டும். விளக்கு தானாக எரிவதும் அதனால்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். சீலண்டை மேலே பூசி மறைக்காமல் துருவைச் சுரண்டிப் பாருங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் பெட்ரோல் ஊற்றும் குழாயையும் பார்த்துவிடுங்கள். அது துருப்பிடித்தால் தூள் டாங்கிக்குள் இறங்கும்.

வெருலத்திலிருந்து: 15 இஞ்ச் மேக்ஸ் (அலாய் சக்கரம்) வாங்கினேன். பழைய போல்ட்டே போதுமா?

போல்ட் துளை நாலு, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்றால் சக்கரம் உட்காரும். ஆனால் ஒரிஜினல் போல்ட்டின் தோள் உருண்டை, வெளிச்சந்தை மேக்ஸ் பலதுக்கும் கூம்பு வடிவம் வேண்டும். பொருந்தாத போல்ட் தானாகத் தளரும். சரியானதை வாங்கி 110 நியூட்டன் மீட்டர் முறுக்குங்கள், 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அப்பா: 18 வயது மகன் சொந்தமாக வேலை செய்ய ஆசைப்படுகிறான். முதலில் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

ஒரு ஜோடி ஆக்சில் ஸ்டாண்டு. ஸ்பானர் செட் பிறகு. காரோடு வரும் ஜாக் டயர் மாற்ற மட்டும்தான், அதை நம்பி ஒரு கையைக்கூட அடியில் விடக் கூடாது. நம் வீடுகள் பலவும் சரிவில். என் வாசலில் ஒருநாள் ஜாக் மெல்லச் சாய்ந்து கார் தொப்பென்று உட்கார்ந்தது. நான் அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தேன். அன்றிலிருந்து சமதளம் இல்லாமல் தூக்குவதில்லை, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் தொடுவதில்லை. ஸ்டாண்டில் இறக்கியதும் காரைக் கையால் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வைக்கட்டும். லோட் ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் அடியில் வேலை வேண்டாம். முதல் சில தடவை நீங்களும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள்.