பிஎம்டபிள்யூ சர்வீஸ்: ஷோரூமா, வெளி மெக்கானிக்கா?

வாரண்டி முடிந்த பிஎம்டபிள்யூ டீசல் காரைச் சென்னையில் வெளி மெக்கானிக்கிடம் விட்டால் செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையும். எங்கே குறைகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வழக்கமான சர்வீஸ் என்பது ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில், பெரும்பாலும் இவைதான். 2 லிட்டர் எஞ்சினுக்கு 5 லிட்டர் சொச்சம் ஆயில் போகும். கார் கம்பெனிகளுக்கே ஃபில்டர் செய்து தரும் மாலே போன்றவர்களின் பெட்டியில் வாங்கினால் விலை இறங்கும், பிஎம்டபிள்யூ லோகோதான் இருக்காது. பெரிய வித்தியாசம் லேபரில். ஷோரூமின் ஏசி லவுஞ்சில் குடிக்கும் காபிக்கும் சேர்த்துத்தான் அந்த ரேட்! அப்புறம் எஞ்சின் ஃப்ளஷ் (எஞ்சினை உள்ளே கழுவுவது), ஏசி கிருமிநீக்கம் என்று கேட்காமலே சேர்வதை எஸ்டிமேட்டிலேயே அடித்துவிடச் சொல்லுங்கள்.

வெளியே விடும்போது ஆயில் கேனைத் திருப்பிப் பாருங்கள். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசலுக்கு 'லாங்லைஃப்-04' என்று எழுதியிருக்க வேண்டும். சாதா ஆயிலின் சாம்பல் அந்த ஃபில்டரை அடைத்தால், மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே பில்லில் போய்விடும். பேட்டரி மாற்றினால் அதை காரின் கம்ப்யூட்டரில் ரிஜிஸ்டர் செய்யும் ஸ்கேனர் மெக்கானிக்கிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஜிஎஸ்டி 18% மிச்சம் என்று பில் இல்லாமல் விடாதீர்கள், விற்கும்போது அந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள். ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது) வந்தால் மட்டும் நேரே ஷோரூம், அதற்குக் காசு கிடையாது.