பறிப்பவர்கள்

கேள்வி: மெக்சிகோவிலிருந்தும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் அமெரிக்கர்களின் வேலைகளைப் பறித்துக்கொள்வதால்தான் அங்கே வெளிநாட்டவர் எல்லோர் மீதும் வெறுப்பு வளர்கிறது. முறைப்படி விசா வாங்கிப் போன நம் பிள்ளைகளும் சேர்ந்து அடிபடுகிறார்கள். டல்லாஸில் கணினித் துறையில் இருக்கும் என் மகனும் இதையே சொல்கிறான். அவர்களை அனுப்பிவிட்டால் நிலைமை சீராகிவிடாதா? என் மகனுக்கு கிரீன் கார்டு எப்போது கிடைக்கும்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பறிக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவே இல்லை ஐயா. ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறார்கள், திராட்சை பறிக்கிறார்கள், ஆப்பிளும் ஆரஞ்சும் ஏணி போட்டுப் பறிக்கிறார்கள். அமெரிக்க வயல்களில் பயிர் வேலை செய்கிறவர்களில் மூன்றில் இரண்டு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிகோக்காரர்கள். மொத்தத்தில் பத்துக்கு நான்கு பேரிடம் வேலை செய்வதற்கான காகிதம் இல்லை. இந்தப் பறிப்பை ஒரேயடியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீங்களும் நானும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க அரசாங்கமே ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டது.

1942இல், போருக்கு ஆள் போய் வயலுக்கு ஆள் இல்லாத நேரத்தில், மெக்சிகோவோடு ஒப்பந்தம் போட்டு ஆட்களை வரவழைத்தார்கள். ‘பிராசெரோ’ திட்டம் என்று பெயர். இருபத்திரண்டு ஆண்டுகளில் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள். எல்லையில் நிற்கவைத்து டி.டி.டி. பூச்சிமருந்துத் தூள் அடித்து உள்ளே விட்டார்கள். தொடக்க ஆண்டுகளில் ஊதியத்தில் பத்து சதவீதத்தைப் பிடித்து, ஊர் திரும்பியதும் கிடைக்கும் என்று மெக்சிகோ வங்கிக்கு அனுப்பினார்கள். ஏராளமானவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை. அரை நூற்றாண்டு கழித்து, வழக்குப் போட்டு, 2008இல் தலைக்கு 3,500 டாலர் தருவதாக மெக்சிகோ அரசு இறங்கி வந்தபோது பலர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பறித்தல் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பத்து சதவீதம்தான்.

போகட்டும். 1964 முடிவில் திட்டத்தை நிறுத்தினார்கள். மெக்சிகோக்காரர்கள் போனால் அமெரிக்கர்களுக்கு வேலை வரும், கூலி உயரும் என்பது வாதம். உங்கள் வாதமேதான், அறுபது வயது ஆகியும் தளராமல் இருக்கிறது. வேலை வந்தது. ஆள் வரவில்லை. தொழிலாளர் துறை அமைச்சர் வில்லார்ட் விர்ட்ஸ் 1965 கோடைக்கு ஒரு யோசனை சொன்னார்: உயர்நிலைப் பள்ளி விளையாட்டு வீரர்களை வயலுக்கு அனுப்பலாம்! திட்டத்துக்கு ‘ஏ-டீம்’ என்று பெயர். கால்பந்து, ஓட்டம், மல்யுத்தம் என்று உடம்பை இரும்பாக்கி வைத்திருக்கும் பதினேழு வயதுப் பையன்களுக்கு ஒரு முலாம்பழம் எம்மாத்திரம்? “வயல் வேலை ஆண்மகனை உருவாக்கும்” என்று விளம்பரம் வேறு. இருபதாயிரம் பேர் வேண்டும் என்றார்கள். பதினெட்டாயிரம் பேர் பெயர் கொடுத்தார்கள். நாட்டுப்பற்றுக்குக் குறைவில்லை. வயலில் கால் வைத்தவர்கள் ஏறக்குறைய 3,300 பேர்.

கால் வைத்தவர்கள் கதை அதைவிடச் சுவை. சான் டியேகோவிலிருந்து ஒரு பள்ளிக் குழுவை கலிபோர்னியாவின் பிளைத் என்ற ஊருக்கு முலாம்பழம் பறிக்க அனுப்பினார்கள். வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட். நம் வேலூர்க்காரர்களே குடையைத் தேடுகிற வெயில். முலாம்பழத்தின் மேல் பூனைமுடி போல மெல்லிய சுணை இருக்கிறது. கடையில் வாங்குகிற நமக்கு அது தெரியாது, ஆனால் சில மணி நேரத்தில் கையுறையைத் தேய்த்துத் தின்றுவிடும். கூலி மணிக்கு ஒரு டாலர் நாற்பது சென்ட். அந்தப் பையன்கள் ரோஷக்காரர்கள், ஒப்பந்தம் முடியும்வரை நின்றார்கள். மற்ற இடங்களில் சிலர் வேலைநிறுத்தம் செய்தார்கள், பலர் மூட்டை கட்டினார்கள். காலங்காலமாக மெக்சிகோக்காரர்கள் செய்த வேலையில் வீரர்கள் சில நாட்களிலேயே தொழிற்சங்கவாதிகளாகிவிட்டார்கள். அடுத்த கோடையில் அந்தத் திட்டத்தைப் பற்றி விர்ட்ஸ் வாய் திறக்கவில்லை.

பாடம் படித்தார்களா? 2011இல் ஜார்ஜியா மாநிலம் குடியேறிகள் மீது கடுமையான சட்டம் கொண்டுவந்தது. பறிக்க ஆளின்றி விவசாயிகள் கதற, நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த குற்றவாளிகளை வெள்ளரி வயலுக்கு அனுப்பினார் ஆளுநர். நிறையப் பேர் மதியத்துக்குள் நடையைக் கட்டினார்கள். அதே ஆண்டு அலபாமாவில் தக்காளி செடியிலேயே அழுகியது.

தக்காளி என்று வந்துவிட்டதால் இங்கே சற்று இளைப்பாறுகிறேன். இந்தப் பக்கத்தைப் படித்து வருகிறவர்களுக்கு என் தக்காளி வழக்கு தெரியும். பெங்களூர்த் தக்காளியில் வைக்கிற ரசம் ரசமே அல்ல, அது சிவப்புச் சாயம் கலந்த வெந்நீர் என்று நான் எழுதப்போய், சேலத்திலிருந்து ஓர் அம்மையார் “வாரம் முழுக்கக் கெடாமல் இருக்கிறதே, அது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?” என்று அஞ்சலட்டையில் நெருப்பைக் கொட்டினார். தெரிகிறது அம்மா. செங்கல்கூடத்தான் கெடாது. நாட்டுத் தக்காளி பையில் நசுங்கும், சட்டையைக் கறையாக்கும், மறுநாள் அழுகும். ஆனால் புளி பாதி போதும். அந்த வழக்கில் எனக்கு இப்போது கலிபோர்னியாவிலிருந்து சாட்சியம் கிடைத்திருக்கிறது.

டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னா என்ற பயிர் ஆராய்ச்சியாளரும் கோபி லோரன்சன் என்ற பொறியாளரும் ஆண்டுக்கணக்கில் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார்கள். லோரன்சன் தக்காளி அறுக்கும் இயந்திரம் செய்தார். அது செடியை அடியோடு வெட்டி உள்ளே இழுத்து உலுக்கும். சாதாரணத் தக்காளி அந்த உலுக்கலில் சட்னியாகிவிடும். எனவே உலுக்கலைத் தாங்குகிற, எல்லாம் ஒரே சமயத்தில் பழுக்கிற, தோல் தடித்த தக்காளியை ஹன்னா உருவாக்கினார். இயந்திரத்துக்காகப் பழத்தை வளைத்தார்கள்! பிராசெரோக்கள் இருந்தவரை விவசாயிகள் அந்த இயந்திரத்தைச் சீந்தவில்லை. அவர்கள் போன சில ஆண்டுகளுக்குள் சாஸ் ஆலைக்குப் போகும் கலிபோர்னியத் தக்காளி ஏறக்குறைய முழுவதும் இயந்திரத்தின் வாய்க்குள் போய்விட்டது. மைக்கேல் கிளெமென்ஸ், ஈத்தன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் என்ற மூன்று ஆய்வாளர்கள் பழைய கூலிக் கணக்குகளைத் துருவி 2018இல் வெளியிட்ட முடிவும் இதுதான்: பிராசெரோக்களை அனுப்பியதால் உள்ளூர் வயல் தொழிலாளியின் கூலி உயரவில்லை. முதலாளி இயந்திரம் வாங்கினார், அல்லது பயிரை மாற்றினார். ஆக, மெக்சிகோக்காரரிடமிருந்து வேலையைப் பறித்தது இரும்பு. நமக்கு மிஞ்சியது தடித்த தோல். சேலத்து அம்மையார் கவனிக்கவும்.

இதற்கு எதிர்க்கட்சி இல்லாமல் இல்லை. 1980இல் கியூபாவிலிருந்து படகுகளில் ஒன்றேகால் லட்சம் பேர் சில மாதங்களில் புளோரிடாவில் வந்து இறங்கினார்கள். மயாமியின் தொழிலாளர் எண்ணிக்கை ஏழு சதவீதம் உயர்ந்தது. உள்ளூர்க் கூலி அசையவில்லை என்று டேவிட் கார்டு என்ற பொருளியலாளர் 1990இல் எழுதினார். பள்ளி முடிக்காத ஆண்களின் கூலி நன்றாகவே சரிந்தது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் என்ற இன்னொரு பொருளியலாளர் கால் நூற்றாண்டு கழித்து மறுத்தார். போர்ஹாஸ் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆட்களே மிகச் சிலர் என்று இன்னொரு கூட்டம் அவர் மீது பாய்ந்தது. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது, சண்டை தீரவில்லை. போர்ஹாஸே கியூபாவிலிருந்து சிறுவனாக வந்து குடியேறியவர் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வேறிடத்தில். 1935இல் தொழிற்சங்க உரிமைச் சட்டமும் 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தபோது இரண்டிலும் வயல் தொழிலாளியை வெளியே நிறுத்தினார்கள். அதன் பலன் கலிபோர்னியாவில் ஒரு களைக்கொத்தில் தெரிந்தது. கைப்பிடி ஒரு முழம்கூட இல்லை. ‘எல் கோர்ட்டிட்டோ’, அதாவது குட்டையன், என்று தொழிலாளிகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நாள் முழுக்க இடுப்பை இரண்டாக மடித்தால்தான் வேலை நடக்கும். நீளக் கைப்பிடி போடாததற்கு மேஸ்திரிகளுக்கு ஒரு வசதி இருந்தது: வரப்பிலிருந்து பார்க்கும்போது எவன் நிமிர்ந்திருக்கிறானோ அவன் சும்மா இருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடலாம். 1975இல்தான் அதைத் தடை செய்தார்கள். நீளக் கைப்பிடியிலும் பயிர் விளைந்தது.

இன்றைய நிலவரம்: 2024 கணக்கில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர், அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் லத்தீன் வம்சாவளி. ஆனால் அமெரிக்காவில் உள்ள லத்தீன் வம்சாவளியினர் மூவரில் இருவர் அங்கேயே பிறந்த குடிமக்கள். இந்த வித்தியாசம் உங்கள் கேள்வியில் இல்லை. தக்காளி பறித்தவரின் மகள் தக்காளி பறிக்கப் போவதில்லை. மருத்துவமனையில் செவிலியாகிறாள், கணக்கு எழுதுகிறாள். அதனால்தான் விவசாயிகள் தற்காலிக விசாவில் புதிய ஆட்களைக் கொண்டுவருகிறார்கள்: 2005இல் 48,000 இடங்கள், 2023இல் 3,70,000க்கு மேல். அந்த விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. முறைத்துக்கொண்டால் ஊருக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். கட்டுமானத் துறையில் மூன்றில் ஒருவர் லத்தீன் வம்சாவளி. 2024 மார்ச் 26, பால்டிமோர் பாலத்தில் இரவு ஒன்றரை மணிக்குக் குழி அடைத்துக்கொண்டிருந்து, கப்பல் மோதி இறந்த ஆறு பேரும் மெக்சிகோ, குவாதமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடாரிலிருந்து வந்தவர்கள். கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. அதிலிருந்த மாலுமிகள் ஒருவர் தவிர அனைவரும் இந்தியர்கள். அந்த ராத்திரியில் உள்ளூர்க்காரர் யாருடைய வேலையை யார் பறித்தார்கள் என்று விளங்கவில்லை.

உங்கள் மகன் விஷயம். மெக்சிகோக்காரர்கள் மீதுள்ள கோபம் தவறிப்போய் அவர் மீது விழுகிறது என்று நினைக்கிறீர்கள். தவறிப்போய் அல்ல. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி (திறன்மிக்க வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான விசா) மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தபோது குறிவைத்தது பெரும்பாலும் நம்மவர்களைத்தான். அந்த விசாவை அதிகம் வாங்குகிறவர்கள் இந்தியர்கள். ‘வேலையைப் பறிக்கிறார்கள்’ என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். முலாம்பழம் பறிக்கிறவரைச் சொல்லும்போது இனித்த அந்தச் சொல், மென்பொருள் எழுதுகிறவரைச் சொல்லும்போது ஏன் கசக்கிறது?

கிரீன் கார்டு: வேலை அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 அட்டைகள், ஒரு நாட்டுக்குப் பொதுவாக ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது, இந்தியாவுக்கும் அதுதான், ஐஸ்லாந்துக்கும் அதுதான். எப்போது கிடைக்கும் என்று சொல்லும் தகுதி இந்த இதழில் ராசிபலன் எழுதுகிறவருக்கு மட்டுமே உண்டு. மகனின் நட்சத்திரத்தோடு அவருக்கு எழுதவும்.