ஒரே மாறி, இரண்டு ஸ்கிரிப்ட்

வணக்கம். பெர்ல் நிரல்மொழியில் எழுதிய இரண்டு ஸ்கிரிப்டுகளுக்கும் பொதுவான மாறிகளை 'கான்ஃபிக்' (Config) என்று ஒரு மாட்யூலில் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தனிக் கோப்பு) வைத்து, பெயர்களைப் பிற நிரல்களுக்குத் தரும் எக்ஸ்போர்ட்டர் (Exporter) மூலம் ஏற்றுமதி செய்திருக்கிறேன். மாறியை 'மை' (my) என்று அறிவித்தபோது ஸ்கிரிப்டில் மதிப்பு வெறுமையாக வந்தது. 'அவர்' (our) என்று மாற்றியதும் சரியானது. ஆனால் முதல் ஸ்கிரிப்ட் எண்ணிக்கையை 25 ஆக்கிய பிறகும் இரண்டாவது ஸ்கிரிப்ட் 0 என்றே காட்டுகிறது. எக்ஸ்போர்ட்டரில் எதையாவது விட்டுவிட்டேனா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எக்ஸ்போர்ட்டர் மேல் பழி இல்லை. நீங்கள் கேட்டிருப்பது இரண்டு வெவ்வேறு கேள்விகள்.

முதலாவது, பெயர் பற்றியது. 'மை' மாறி எந்த பேக்கேஜுக்கும் (பெயர்களைத் தொகுத்து வைக்கும் வெளி) சொந்தமில்லை. அது அந்தக் கோப்போடு முடிந்துவிடும். எக்ஸ்போர்ட்டர் கைவைப்பது பேக்கேஜ் மாறிகளில் மட்டும். அது தேடிப் போனது $கான்ஃபிக்::எண்ணிக்கை என்ற மாறியை. அங்கே இருந்தது வெறுமை. அந்த வெறுமையைத்தான் உங்கள் ஸ்கிரிப்டுக்கு ஏற்றி அனுப்பியது. இறக்குமதியான பெயரை அறிவித்த பெயராகவே கொள்வதால் அறிவிக்காத மாறிகளைத் தடுக்கும் 'ஸ்டிரிக்ட்' (strict) கூட வாய் திறக்கவில்லை. 'அவர்' போட்டதும் மதிப்பு உண்மையிலேயே அந்த பேக்கேஜுக்குள் போய் அமர்ந்தது.

இரண்டாவது, நினைவகம் பற்றியது. ஒரே புரோகிராமுக்குள் பத்து மாட்யூல்கள் உங்கள் கோப்பை 'யூஸ்' (use) செய்தாலும் பெர்ல் அதை ஒருமுறைதான் ஏற்றும். ஏற்றிய கோப்புகளை %ஐஎன்சி (%INC) என்ற ஹாஷில், அதாவது பெயர்-மதிப்பு அட்டவணையில், குறித்துவைத்துக்கொள்கிறது. ஆகவே அந்தப் பத்துக்கும் மாறி ஒன்றே. இரண்டு ஸ்கிரிப்டுகளைத் தனித்தனியாக ஓட்டினால் அவை இரண்டு புராசஸ்கள், அதாவது தனித்தனி நினைவகத்தோடு ஓடும் இரண்டு நிரல்கள். ஒவ்வொன்றும் மாட்யூலைப் புதிதாகப் படித்து, தன் சொந்த 0-இலிருந்து தொடங்கும். உங்கள் 25 முதல் புராசஸோடு போய்விட்டது. ஒரு புராசஸை 'ஃபோர்க்' (fork) மூலம் இரண்டாகப் பிரித்தாலும் பிள்ளைப் புராசஸுக்குக் கிடைப்பது நகல்தான்.

இரண்டாவது ஸ்கிரிப்ட் எப்போதும் முதலாவதை அடுத்தே ஓடுகிறது என்றால், அதை ஏன் தனியாக ஓட்ட வேண்டும்? அதன் வேலையை ஒரு சப்ரூட்டீனாக்கி (பெயர் சொல்லி அழைக்கும் நிரல்பகுதி) மாட்யூலில் வைத்து, முதல் ஸ்கிரிப்டிலிருந்தே அழையுங்கள். தனியாகத்தான் ஓட வேண்டும் என்றால் மதிப்பைக் கோப்பிலோ தரவுத்தளத்திலோ எழுதுங்கள். பெர்லோடு வரும், தரவைக் கோப்பில் சேமிக்கும் ஸ்டோரபிள் (Storable) மாட்யூலில், கோப்பைப் பூட்டி எழுத 'லாக் ஸ்டோர்' (lock_store), பூட்டிப் படிக்க 'லாக் ரிட்ரீவ்' (lock_retrieve) இருக்கின்றன. ஆனால் படிப்பதற்கு ஒரு பூட்டு, எழுதுவதற்கு வேறு பூட்டு. நடுவில் இன்னொரு புராசஸ் புகுந்துவிடலாம். எண்ணிக்கையைக் கூட்டுவது போன்ற வேலைக்கு, படிப்பதிலிருந்து எழுதி முடிக்கும்வரை ஒரே 'எஃப்லாக்' (flock) கோப்புப் பூட்டைப் பிடியுங்கள்.

மாறியையே ஏற்றுமதி செய்வதும் எனக்கு உவப்பில்லை. எக்ஸ்போர்ட்டரின் ஆவணமே அதை வேண்டாம் என்கிறது. ஸ்கிரிப்டில், மதிப்பைத் தற்காலிகமாக மாற்றும் 'லோக்கல்' (local) போட்டுப் புது மதிப்பு கொடுத்துப் பாருங்கள்: மாட்யூல் பழைய மதிப்பையே வைத்திருக்கும், இணைப்பு அங்கே அறுந்துவிடும். மதிப்பைத் தரும் சப்ரூட்டீன் ஒன்று, மாற்றும் சப்ரூட்டீன் ஒன்று என்று கொடுத்துவிட்டால், யார் எங்கே மாற்றினார்கள் என்று தேடும்போது பார்க்க ஒரே இடம் இருக்கும்.

கடைசியாக, 'கான்ஃபிக்' என்ற பெயர் வேண்டாம். பெர்லுடனேயே அந்தப் பெயரில் ஒரு மாட்யூல் வருகிறது. பெர்ல் மாட்யூல்களைத் தேடும் அடைவுகளின் வரிசையான தேடுபாதையில் உங்களுடையது முன்னால் இருந்தால், அசலை நம்பியிருக்கும் மாட்யூல்கள் உங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு விழிக்கும். பெயரை மாற்றியபின், ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தைக் கண்டறியும் 'ஃபைண்ட்பின்' (FindBin), தேடுபாதையில் அடைவைச் சேர்க்கும் 'லிப்' (lib) இரண்டையும் கொண்டு மாட்யூல் இருக்கும் அடைவைக் காட்டிவிடுங்கள். 2017-இல் வந்த 5.26 பதிப்பு முதல், நடப்பு அடைவில் பெர்ல் தானாகத் தேடுவதில்லை.