100 சிசி பைக்கில் சைலன்சர் பெண்ட் பைப் இஞ்சினோடு சேரும் இடத்தில் புகை கசிகிறது. மெக்கானிக் புது சைலன்சர் போடச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். காலையில் முதல் கிக்கில் 'டப் டப்' சத்தம், வண்டி சூடானதும் அது தணிவது, பெண்ட் பைப் ஹெட்டில் (இஞ்சின் சிலிண்டரின் மேல்பகுதி) உட்காரும் இடத்தைச் சுற்றிக் கரி, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்தால் போனது சைலன்சர் இல்லை, ஹெட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் வளையம். கடையில் 'சைலன்சர் பேக்கிங்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், சில்லறைக் காசுதான். ஆனால் பேக்கிங் ஏன் போனது என்று பார்க்காமல் புதுசை மட்டும் சொருகினால் கொஞ்ச நாளில் அதே சத்தம் திரும்ப வரும். கசிவது முன்னால் என்றாலும் காரணம் பல நேரம் வண்டியின் பின்பக்கம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கசிவுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். டேப்பெட் சத்தம் மேலே ஹெட் கவர் பக்கமிருந்து 'டிக் டிக்' என்று வரும், வண்டி சூடானாலும் போகாது. கசிவுச் சத்தம் இழுவை கூடும்போது கூடும். பின்னால் ஆள் உட்கார்ந்து கத்திப்பாரா மேம்பாலம் ஏறினால் நன்றாகக் கேட்கும். இரும்பு சூட்டில் விரிந்து இடுக்கு அடைபடுவதால்தான் சூடானதும் தணிகிறது. ஆக்சிலேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போது சைலன்சருக்குள் 'பட் பட்' என்று வெடித்தால் அதற்கும் இந்த இடுக்கு காரணமாக இருக்கலாம். வழி இருந்தால் புகை வெளியே வருவதோடு நிற்காது, அழுத்தம் குறையும் நொடியில் வெளிக்காற்று உள்ளேயும் போகும். எரியாமல் வந்த பெட்ரோல் அந்தக் காற்று கிடைத்ததும் பைப்புக்குள்ளேயே பற்றிக்கொள்கிறது.

சோதிக்க, நன்றாக ஆறிய வண்டியில் ஜாயிண்டைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்யுங்கள். இன்னொருவர் மடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயைப் பாதி அடைத்து இரண்டு மூன்று நொடி பிடிக்கட்டும். கசிவு இருக்கும் இடத்தில் நுரை கிளம்பும், சத்தமும் அங்கேயே கூடும். அபார்ட்மெண்ட் அடித்தளப் பார்க்கிங்கில் இதைச் செய்யாதீர்கள். புகையில் வரும் விஷவாயு கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தெருவில் வைத்துப் பாருங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் இதைத் தள்ளிப் போடவே கூடாது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் உள்ளே புகுந்த காற்றை சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்று படிக்கும். இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் இறங்கும். இஞ்செக்டர் கிளீனிங், ஃபில்டர் என்று செலவு செய்துகொண்டே போவீர்கள், தப்பு இந்த வளையத்தில் இருக்கும்.

இனி கழட்டும் வேலை. பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் ஹெட்டிலிருந்து இரண்டு 6 எம்எம் ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) நீட்டிக்கொண்டிருக்கும், அதில் 10 நம்பர் நட்டு. சென்னையில் கடலோரம் திருவான்மியூர், பட்டினப்பாக்கம், எண்ணூர் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்றில் நட்டும் ஸ்டட்டும் ஒரே துண்டாகிவிட்டிருக்கும். இந்த வேலையில் செலவு வைப்பது பேக்கிங் இல்லை, உடைந்த ஸ்டட். அதனால் முதல் நாள் ராத்திரியே துருநீக்கி ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள், காலையில் இன்னொரு முறை அடியுங்கள். நட்டிலும் ஸ்டட் மரையிலும் இருக்கும் துருவை வயர் பிரஷ்ஷால் தேயுங்கள். ஓபன் ஸ்பேனர் வேண்டாம், மூலை மழுங்கிவிடும். ஆறு பக்கமும் பிடிக்கிற பாக்ஸ் அல்லது டி ஸ்பேனர் போடுங்கள். எடுத்ததும் கழட்டப் பார்க்காமல் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை தள்ளுங்கள், 'டிக்' என்று துருப் பிடி விடும். பிறகு கால் சுற்று கழட்டி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, மறுபடி கழட்டி, இப்படியே கொண்டுவர வேண்டும். கை அழுத்தத்துக்கு ஸ்டட் ரப்பர் போலச் சொத சொத என்று திரும்புகிறதென்றால் நிறுத்துங்கள். நட்டு கழன்று வரவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது. அடுத்த அரைச் சுற்றில் உடையும்.

நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் வந்துவிட்டால் பயம் இல்லை. அதை எடுத்துப்போட்டுப் புது ஸ்டட்டில் இரண்டு நட்டை முதுகோடு முதுகாக இறுக்கிக்கொண்டு, வெளி நட்டைப் பிடித்து ஹெட்டில் ஏற்றலாம். உள்ளேயே உடைந்து வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்பினால் வரும். வெல்டிங் சூடே பாதி வேலையை முடித்துவிடும். முழுக்க உள்ளே உடைந்தால் ஹெட்டைக் கழட்டி லேத்துக்குக் கொண்டுபோய் துளைத்து ஹெலிகாயில் (புது மரை தரும் கம்பிச் சுருள்) போட வேண்டியதுதான். அலுமினியம் ஹெட்டில் கையில் டிரில் பிடித்துத் துளைக்காதீர்கள். பிட்டு இரும்பை விட்டு அலுமினியத்துக்குச் சறுக்கும்.

பைப்பை இறக்கும் முன் பின்னால் சைலன்சர் தாங்கும் போல்ட்டையும் கழட்டுங்கள். பிஎஸ்6 என்றால் சென்சார் கப்ளரை (வயர் இணைப்பு) முதலில் பிரித்துவிடுங்கள், வயரில் பைப் தொங்கக் கூடாது. சில வண்டிகளில் பைப்பை ஸ்டட்டில் பிடித்துவைக்கும் தகடான ஃபிளேஞ்சுக்குள் இரண்டு அரைவட்டக் காலர் துண்டுகள் இருக்கும், கீழே விழும். கையை அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பேக்கிங் ஹெட் துவாரத்துக்குள் கரியோடு கரியாக ஒட்டி, ஹெட்டின் பகுதி மாதிரியே தெரியும். அது இருப்பதே தெரியாமல் மேலே புதுசை வைத்து இறுக்குவதுதான் நாளெல்லாம் நடக்கிற தப்பு. இரண்டு வளையம் சேர்ந்தால் பைப் நேராக உட்காராது. டார்ச் அடித்துப் பாருங்கள், நகத்தால் சுரண்டினால் வளையத்தின் விளிம்பு தட்டுப்படும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் வளையத்தை உள்பக்கமாக நெளித்து எடுக்க வேண்டும். ஹெட்டின் அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது. கீறல் ஒன்று குறுக்கே விழுந்தால் அதுவே அடுத்த கசிவுக்கு வாய்க்கால். பெயர்த்த துண்டு உள்ளே போகாமல் துவாரத்தில் துணி அடைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் எடுக்க மறக்காதீர்கள்.

பழைய வளையத்தைத் தூக்கிப் போடாமல் கடைக்கு எடுத்துப் போங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ வண்டிப் பெயரைச் சொன்னால் தருவார்கள், ஆனால் ஒரே பெயரில் வருஷத்துக்கு ஒரு மாடல் வருகிறது. வெளிவிட்டம், உள்விட்டம், தடிமன் மூன்றையும் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். இது நசுங்கி அடைக்கிற வளையம், ஒரு முறைதான் நசுங்கும். கழட்டியதையே 'நல்லாத்தான் இருக்கு' என்று திரும்பப் போட்டால் அடைக்காது. கூடவே இரண்டு புது நட்டும் வாங்கிவிடுங்கள்.

பொருத்தும்போது வளையத்தில் லேசாக கிரீஸ் தடவி துவாரத்தில் ஒட்டவையுங்கள், பைப்பைத் தூக்கும்வரை விழாது. முதல் ஸ்டார்ட்டில் அது கருகிக் கொஞ்சம் புகையும், பயப்பட வேண்டாம். ஸ்டட் மரைகளில் காப்பர் கிரீஸ் தடவினால் அடுத்த முறை கழட்டுபவர் வாழ்த்துவார். பைப்பை ஏற்றி இரண்டு நட்டையும் கையால் திருகுங்கள். பின் போல்ட்டைச் சும்மா மாட்டி, தொளதொள என்றே விடுங்கள். இப்போது முன் நட்டுகளை இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஃபிளேஞ்சுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர வேண்டும். 6 எம்எம் ஸ்டட்டுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். 10 செ.மீ. தள்ளிப் பிடித்த ஸ்பேனரில் 10 கிலோ தொங்குகிற பலம் அது, அதற்கு மேல் ஆத்திரம் வேண்டாம். முன்பக்கம் முடிந்த பிறகுதான் பின் போல்ட்.

இந்த வரிசைதான் ஆரம்பத்தில் சொன்ன பின்பக்க விஷயம். பின் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டால் பைப் இழுத்துக்கொண்டு நிற்கும், பேக்கிங் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் திறந்திருக்கும். அந்த போல்ட் ஏற்கனவே தளர்ந்திருந்தாலும், பிராக்கெட் விரிசல் விட்டிருந்தாலும், சைலன்சரின் மொத்த எடையும் குழியில் குதிக்கும் ஒவ்வொரு முறையும் முன் ஸ்டட் இரண்டிலும் இறங்கும். போல்ட் ஓட்டையைப் பாருங்கள். கழட்டிய நிலையில் பைப் வாய் ஹெட்டுக்கு நேராக நிற்கும்போது பின் ஓட்டையும் பிராக்கெட்டும் தானாக ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். கீழே விழுந்த வண்டியில் வராது. அப்போது நெம்பி மாட்டாமல் பிராக்கெட்டை நிமிர்த்துங்கள். இடைவெளி அதிகம் இல்லையென்றால் நடுவில் ஒரு வாஷர் போட்டாலே சரியாகும்.

எபாக்ஸி பசை, சிவப்பு சிலிக்கான், டின் தகடு இதெல்லாம் இந்த இடத்தில் வேண்டாம். துவாரத்தில் புகை பல நூறு டிகிரி சூட்டில் வருகிறது, பசை பொடியாக உதிரும். சிலிக்கான் ஆவி ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுகிற பழைய பழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது, அந்தத் தூசு நுரையீரலுக்கு நல்லதில்லை. சைலன்சர் பேஸ்ட் என்று விற்பதைக் கீழே பெண்ட் பைப்பும் சைலன்சர் உடலும் கிளாம்ப்பில் சேரும் இடத்தில் மட்டும் பூசலாம்.

முழு சைலன்சர் எப்போது வேண்டும்? பைப் நுனியில் வெல்டிங் செய்த காலர் துருவால் காகிதம் மாதிரி மெலிந்திருந்தால், அல்லது ஸ்பேனர் கைப்பிடியால் தட்டும்போது உடல் 'டங்' என்று ஒலிக்காமல் 'பொத்' என்றால். மழையில் வேளச்சேரித் தண்ணீரில் ஓட்டிய வண்டிகள் உள்ளிருந்து அப்படி ஆகும். காலருக்குப் பக்கத்தில் வெறும் விரிசல் என்றால் வெல்டிங் போதும்.

எல்லாம் மாட்டியதும் ஒரு கால் மணி நேரம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, முன் நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். வளையம் சூட்டில் கொஞ்சம் அமுங்கியிருக்கும், கால் சுற்று வரைக்கும் ஏறலாம். ஜாயிண்டைத் துணியால் வெள்ளையாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புதுக் கரி படிந்திருந்தால் எந்தப் பக்கம் என்று கவனியுங்கள், ஃபிளேஞ்ச் அந்தப் பக்கம் வளைந்திருக்கலாம்.