மெல்லிய டயப்பர் தாங்குமா?

கேள்வி: பேத்திக்கு வாங்கும் டயப்பர் வரவர மெல்லிசாகிறதே, பஞ்சைக் குறைத்து ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, ஈரோடு

பதில்: இல்லை அம்மா. டயப்பரின் உள்அடுக்கை வடிவமைப்பதுதான் என் வேலை. அதில் ஈரத்தைப் பிடித்து வைப்பது பஞ்சல்ல, மரக்கூழோடு கலந்த சோடியம் பாலிஅக்ரிலேட் பொடி. வெறும் தண்ணீர் என்றால் தன் எடையைப்போல் நூறு மடங்குக்கு மேல் இழுக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் 30, 40 மடங்காகக் குறைந்துவிடும். அதனால் தண்ணீர் ஊற்றிக் காட்டும் விளம்பரத்தை நம்பாதீர்கள். 100 மில்லி தண்ணீரில் ஒரு கிராம் உப்பைக் கரைத்து ஊற்றி, கையால் அழுத்திப் பாருங்கள். மேற்பரப்பு காய்ந்திருந்தால் நல்ல டயப்பர்.

பொடியை மட்டும் திணித்தால் மேலாகவே ஜெல்லாகி அடைத்துக்கொள்ளும், அடுத்து வருவது ஓரத்தில் வழியும். ஈரத்தைப் பரப்பத்தான் மரக்கூழ். சரி, எவ்வளவு தாங்கினாலும் மலம் போனால் உடனே மாற்றிவிடுங்கள்.